ஏரித் தண்ணீர் சுட்ட கோடை

அந்தக் கோடையில் ஏரியின் மேல்தண்ணீர், குளிக்க விளாவி வைத்த வெந்நீர் போலக் கிடந்தது. மீன்கள் குளிர்ச்சி தேடி ஆழத்துக்கு இறங்கிவிட்டன. விடிந்ததிலிருந்து காற்று கிளம்பும் வரைதான் வலை போட முடியும். அப்புறம் அலை படகை நிற்கவிடாது. மாமனாரும் மருமகளும் தினமும் போனார்கள். வலையில் பச்சைப் பாசிதான் ஏறி வந்தது.

“ஏரிக்கே லீவு விட்டுட்டாங்க போல” என்பார் மாமனார். அவள் சிரிக்கப் பார்ப்பாள்.

முன்பெல்லாம் அவரோடு படகில் போனது அவர் மகன், அவளுடைய கணவன். குளிர்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. வலை இழுக்க இரண்டு பேர் வேண்டும். கல்யாணமான புதிதில் கணவனோடு விளையாட்டாக வலை இழுத்த பழக்கம் அவளுக்கு இருந்தது. யாரும் கேட்காமலே ஒருநாள் வந்து அவன் இடத்தில் உட்கார்ந்தாள்.

அவனைப் பற்றி மட்டும் இருவரும் பேசுவதில்லை. வெயில், காற்று, மீன் என்று பேச்சு அதற்குள்ளேயே சுற்றும். நகரத்தில் துணிக்கடை வைத்திருந்த அவள் அண்ணன் வந்து கூப்பிட்டுப் பார்த்தான். மாமாவை யார் பார்த்துக்கொள்வது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஒரு சாயங்காலம் நல்ல மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் விடியலில் மேகம் மூடியிருந்தது; காற்றே இல்லை. மாமனார் தண்ணீரில் கைவைத்துப் பார்த்து, “குளுந்துடுச்சும்மா” என்றார்.

வலையின் மிதவைகள் ஒவ்வொன்றாக அமிழ்ந்தன. இருவரும் இழுக்க இழுக்க மீன் துள்ளியது. படகு ஒருபக்கம் சாய்ந்தது.

“ஏங்க, அந்தப் பக்கம் பிடிங்க!” என்று கத்தினாள் அவள்.

கணவனை மட்டும்தான் அவள் அப்படிக் கூப்பிடுவாள். சொன்னது உறைத்ததும் கை வலையை விட்டது. மாமனாரும் விட்டுவிட்டார். பாதி மீன் நழுவித் தண்ணீருக்குள் போனது. அவள் படகுப் பலகையில் முகம் புதைத்து அழுதாள். தட்டிக்கொடுக்க நீண்ட கையைப் பாதியில் மடக்கிக்கொண்டு மாமனாரும் அழுதார்.

கரைக்கு வந்ததும் அவரே அவள் அண்ணனுக்குப் போன் செய்தார்.

“நான் உங்களுக்குப் பாரமாயிட்டேனா மாமா?”

“நீ இல்லன்னா இந்த வீட்ல அடுப்பே எரியாது. ஆனா படகுல ஏறினா நீ அவனைத்தான் தேடுற. நானும்தான். ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காந்து தேடிட்டிருந்தா எப்பம்மா கரை சேர்றது?”

அவரையும் வரச்சொல்லிக் கெஞ்சினாள். ஏரியை விட்டால் தனக்கு வேறொன்றும் தெரியாது என்று சொல்லிவிட்டார்.

அவள் போன பிறகு ஏரியில் மீனுக்குக் குறைவில்லை. மற்ற படகுகள் நிறைந்து திரும்பின. ஒற்றை ஆளாக வலை இழுக்க அவரால் முடியவில்லை. தூண்டில் போட்டுத் தன் ஒரு வயிற்றுக்குப் பிடித்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போன் செய்வாள். ஒருமுறை பேசிக்கொண்டிருந்தபோதே அண்ணன் கடையில் யாரோ எதையோ சொல்ல, வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். மகன் போனதற்கப்புறம் அந்தச் சிரிப்பை அவர் கேட்டதில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்.

“லைன்ல இருக்கீங்களா மாமா?”

“இருக்கேன்மா” என்றார்.