நாலாவது க்யூப்

1.

இந்தக் கதை ஒரு பொய் அறிக்கையில் பிறந்தது. அதை எழுதியவன் நான்தான். கான்கிரீட்டின் வலுவைச் சோதிக்கும் கூடத்தில் எனக்கு வேலை. அறிக்கை எழுதிப் பழகிய கை இது, கதைக்கு இன்னும் வளையவில்லை.

முதல் தொடக்கம்: ‘சூளைக்காரருக்குத் தன் மண்ணின் மேல் அப்படியொரு கர்வம்...’

(அடித்துவிட்டேன். கர்வம் என்று போட்டால் அவர் நொடிந்துபோவதை நீங்கள் சுலபமாகப் பொறுத்துக்கொள்வீர்கள். அவர் கர்வக்காரர் இல்லை.)

2.

விஷயம் இதுதான். சிமெண்டில் நூற்றுக்கு முப்பது பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் சுட்டுப் பொடித்த களிமண்ணைச் சேர்க்கலாம். பதமாகச் சுட்டிருந்தால் வலு குறையாது. ஆனால் அந்தப் பொடி தண்ணீரை இழுக்கும், கலவை மண்வெட்டியை விடாது. இளக்குவதற்கென்றே மருந்து இருக்கிறது. கட்டட வேலைக்காரர்களுக்குக் கை போகிற வழி வேறு: இன்னும் ரெண்டு வாளி தண்ணீர். தண்ணீர் கூடினால் வலு போய்விடும்.

ஒரு தளம் போடும்போது அப்படி ஊற்றிய மேஸ்திரி என் தங்கை புருஷன். பக்கத்தில் நின்று பார்த்தேன். பத்து ஆட்களுக்கு நடுவில் மாப்பிள்ளையை எப்படி வாயைத் திறந்து

(இந்த வாக்கியத்தை நாலு தடவை எழுதிப் பார்த்தேன். முடித்தால் நான் நல்லவனாகிவிடுகிறேன். அப்படியே கிடக்கட்டும்.)

3.

சோதனைக்கென்று அச்சில் வார்க்கும் கான்கிரீட் கட்டியை க்யூப் என்போம். ஏழாம் நாள் மூன்று க்யூப்களை உடைத்தேன். மூன்றிலும் வலு இல்லை. போட்ட தளத்தைப் பெயர்த்தெடுத்தார்கள். ‘காரணம்’ என்ற கட்டத்தில், களிமண் சரியாகச் சுடப்படவில்லை என்று எழுதினேன்.

அந்தக் களிமண்ணைச் சுட்டுக் கொடுத்த சூளைக்காரர் நேரில் வந்தார். சண்டைக்குத் தயாராக நின்றேன்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க சார். நான் சுட்டதுலயா குறை?”

“ஆமாங்க.”

“அப்ப சரி. மெஷின் பொய் சொல்லாதுல்ல.”

அன்றைக்கே சூளையை அணைத்துவிட்டார். நாளைக்கு அதைப் பிரித்து இரும்பை எடைக்குப் போடப் போகிறார்.

(அடிக்குறிப்பு: அவரை அழவைத்த வரைவு ஒன்று உண்டு. அவர் அழவில்லை. அழுதது நான், கழிப்பறையில், குழாயைத் திறந்துவிட்டு.)

4.

நாலாவது க்யூப் ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் எடுத்தது. யார் கண்ணிலும் படாமல் தொட்டித் தண்ணீருக்குள் வைத்திருந்தேன். இன்று இருபத்தெட்டாம் நாள், முழு வலுவைப் பார்க்கும் நாள். அது தாங்கினால் சூளை தப்பும், மாப்பிள்ளையை இனி யாரும் வேலைக்குக் கூப்பிடமாட்டார்கள்.

காலையில் தங்கை போன் செய்தாள். அவருக்கு அடுத்த வேலை உறுதியாகிவிட்டதாம். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அன்னைக்கு நீ பார்த்துட்டும் பேசாம இருந்தியாமே அண்ணா. மச்சான் மாதிரி யாரு இருப்பான்னு சொல்லிச் சொல்லி மாயுறாரு.”

முடிவு ஒன்று: க்யூப் தாங்குகிறது, நான் உண்மையை எழுதுகிறேன். (நானே நம்பவில்லை.)

முடிவு இரண்டு: இதுவும் நொறுங்குகிறது. குறை நிஜமாகவே மண்ணில்தான். (இதற்குத்தான் ஆசைப்படுகிறேன். எவ்வளவு கேவலம்.)

5.

க்யூப்பை ஈரத்தோடு உடைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. காய்ந்துவிட்டால் சோதனை செல்லாது. போனை வைத்ததும் அதைத் தொட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். மேல்பக்கம் வெளுத்துவிட்டது, மூலைகளும். அடியில் மட்டும் இன்னும் கறுப்பாக ஈரம் இருக்கிறது. அது காய்வதற்கு நான் கொடுத்த நேரத்தைத்தான் நீங்கள் இவ்வளவு நேரமும் கதையென்று படித்தீர்கள்.

இன்னும் ஒரு பத்தி எழுதினால் முழுக்கக் காய்ந்துவிடும். படிக்க ஆள் இருக்கிறவரை எழுதுவேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். தயவுசெய்து இங்கேயே மூடிவையுங்கள். நான் எழுந்து மெஷினுக்குப் போக வேண்டும்.