முறிந்த வில்: நான்காவது வரைவு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. போனது வேறொரு கதைக்காக. கோட்டை, குதிரை, முற்றுகை என்று ஒரு பெரிய சரித்திர நாவலில் கழுத்துவரை இறங்கியிருந்தேன். நாற்பதாம் பக்கத்தில் ஒருவன் வில்லை வளைக்க வேண்டும். அது எந்த மரம், நாணை எப்படிப் பூட்டுவான், இழுக்கும்போது எந்தத் தோள் வலிக்கும், எனக்கு ஒன்றும் தெரியாது. விசாரித்தபோது, பேருந்து நிலையத்துக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் அச்சகத்துக்கும் நடுவில் ஒரு பட்டறை இருப்பதாகச் சொன்னார்கள். கணவர் வில் செய்கிறார், மனைவி அம்பு செய்கிறார். மூன்று வாரம் தினமும் போனேன். என் நாவல் நாற்பதாம் பக்கத்திலேயே நிற்கிறது. வில்லை வளைக்க வந்தவன் இன்னும் தூக்கிய கையை இறக்கவில்லை, பாவம்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். 'அழிந்துவரும் கலை', 'கடைசி வில்காரர்' என்றெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். வில்காரர் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"கடைசியா? யாரும்மா சொன்னது? அடுத்த வருஷம் பாதி வரைக்கும் ஆர்டர் இருக்கு. மரம்தான் காய மாட்டேங்குது."

அந்த வரியை அங்கேயே அடித்தேன்.

2

முதல் வரைவு இப்படித் தொடங்கியது: "மரத்துக்கு ஞாபகம் உண்டு."

அழகான வரி. அதனாலேயே சந்தேகம் வந்தது. அவரிடம் படித்துக் காட்டினேன். "மரத்துக்கு ஈரம்தாம்மா உண்டு. ஞாபகமெல்லாம் நமக்குத்தான்" என்றார். அடித்தேன்.

இரண்டாவது: "பட்டறைக்குள் நுழைந்ததும் மரத்தூளின் வாசனை என்னை"

என்னை ஒன்றும் செய்யவில்லை. அங்கே மூக்கில் ஏறுவது பசை வாடைதான்.

மூன்றாவது வரைவு, அம்பு செய்யும் அக்கா முதல் நாள் என்னிடம் சொன்னதில் தொடங்கியது. அதை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

"இந்தக் கறுப்புக் கோட்டைத் தாண்டி இழுத்துடாதீங்க, தங்கச்சி. நான் தாண்டினேன். அதான் இப்படி."

சோதனை அம்பு ஒன்று பட்டறையில் எப்போதும் இருக்கும். அதன் தண்டில், இருபத்தெட்டு அங்குலத்தில், ஒரு கறுப்புக் கோடு. நாணை இழுக்கும்போது அந்தக் கோடு வில்லின் பிடிக்கு நேராக வந்ததும் நிறுத்த வேண்டும்; கோடு பிடியைக் கடந்து எய்பவர் பக்கம் வந்துவிட்டால் அளவுக்கு மீறி இழுத்துவிட்டோம் என்று அர்த்தம். 'அதான் இப்படி' என்று சொல்லும்போது அக்கா தன் வலது கண்ணைக் காட்டினார். கண்ணாடிக் கண். படியில் பார்த்து இறங்குங்கள் என்பது போன்ற சாதாரணக் குரல். வில் பார்க்க வரும் ஒவ்வொருவரிடமும் இதையே சொல்வார். சொல்லும்போதெல்லாம் உள்ளே வில்காரரின் அரம் ஒரு நொடி நிற்கும். பிறகு மறுபடி ஓடும்.

முதல் நாள் நான் அதைக் கவனிக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் அதற்காகவே காத்திருக்க ஆரம்பித்திருந்தேன்.

3

(இனி வருவதை வில்காரர் எனக்குச் சொன்னது, அக்கா பரிசோதனைக்காகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு மதியம். நான் கேட்கவில்லை. "எழுதிக்கோம்மா" என்று அவராகத்தான் ஆரம்பித்தார்.)

பதினோரு வருடங்களுக்கு முன்பு, வில்காரரின் கையில் ஆறு வருடம் உலர்த்திய ஒரு கட்டை இருந்தது. ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்த கட்டை. அறுத்தால் நார் வெட்டுப்படும், பிளந்தால் நார் போகிற வழியிலேயே மரம் பிரியும். வில்லுக்கு முதுகும் உண்டு, வயிறும் உண்டு. எய்பவரைப் பார்ப்பது வயிறு, இலக்கைப் பார்ப்பது முதுகு. முதுகில் ஒரே வருட வளையம் நுனியிலிருந்து நுனிவரை அறுபடாமல் ஓட வேண்டும். அந்த ஒரு வளையத்தை இழுப்புக்கத்தியால் நான்கு நாள் துரத்தினார். பிறகு ஐந்து நாள் வயிற்றுப் பக்கத்தைத் தேய்த்தார். கொஞ்சம் தேய்ப்பார், சுவர்ப் பலகையில் மாட்டி நாணை இழுப்பார், பின்னால் போய் நின்று மேல்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றுபோல வளைகின்றனவா என்று பார்ப்பார், இறக்குவார், மறுபடி தேய்ப்பார். தேய்த்ததை ஒட்டவைக்க முடியாது என்பதால் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்கிற வேலை. அப்படி ஒரு வில் அதற்கு முன் அவர் கையில் வந்ததில்லை. சாப்பிடும்போதுகூட எழுந்து போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார்.

பத்தாம் நாள் காலை, எண்ணெய் பூசும்போது அது கண்ணில் பட்டது. பிடிக்கு ஒரு சாண் மேலே, ஒரு சின்னக் கணுவை ஒட்டி, முதுகில் தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு. நகத்தால் வருடினார். நகம் தட்டியது.

தட்டினால் என்ன என்று அவருக்குத் தெரியும். அடுப்புக்குத்தான். அதற்கு முன் எத்தனையோ வில்லை யோசிக்காமல் முறித்துப் போட்டிருக்கிறார். இதை முறிக்கக் கை வரவில்லை. மேலாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். பசையை உள்ளே இறக்கினார், நூலைச் சுற்றி இறுக்கினார், அதன்மேல் ஒரு தோல்பட்டையை வைத்து நெருக்கமாகத் தைத்தார். பார்த்தால் அலங்காரம் என்றே தோன்றும்.

"என்னங்க, புதுசா பட்டையெல்லாம்?" என்றாள் மனைவி.

"சும்மாதான். பார்க்க லட்சணமா இருக்கட்டும்னு."

அந்த வீட்டில் எந்த வில்லையும் முதலில் முழுதாக இழுப்பது அவள்தான். அவரைவிட நன்றாக எய்வாள். அதை அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிவார். பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி இடத்தில், வைக்கோல் இலக்குக்கு எதிரே அவள் போய் நின்றாள். அவர் வளைவைப் பார்க்கப் பக்கவாட்டில் நின்றார். சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. பாதி இழுத்தால் போதும் என்று ஒரு வார்த்தை. அவள் சோதனை அம்பைப் பூட்டினாள், தோளை இறக்கினாள், இழுத்தாள். வில் அவ்வளவு அழகாக வளைந்தது. கறுப்புக் கோடு பிடியை நெருங்கியது; இன்னும் ஒரு விரற்கடை இருந்தது. அவர் கண்ணால் பார்த்தார். கோடு இலக்குப் பக்கம்தான் இருந்தது.

கதவை யாரோ ஓங்கி அறைந்தது போல ஒரு சத்தம். தோல்பட்டைக்கு அடியில்தான் முறிந்தது.

4

ஆஸ்பத்திரியில் அவளுக்கு இரண்டு கண்ணிலும் கட்டுப் போட்டிருந்தார்கள். மாலையில் மயக்கம் தெளிந்ததும் அவர் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு கேட்டாளாம்:

"ஏங்க, கோட்டைத் தாண்டி இழுத்துட்டேனா?"

"ம்" என்றார் அவர்.

இந்த 'ம்'மை எப்படி எழுதுவது என்று நான்கு நாள் உட்கார்ந்திருந்தேன். கேள்விக்குறி போட்டால் அவர் திருப்பிக் கேட்டது போலாகிவிடும். பின்னால் மூன்று புள்ளி வைத்தால் தயங்கினார் என்றாகிவிடும். அவர் தயங்கவில்லை, அதை அவரே சொன்னார். தலையில் ஒரு புள்ளியோடு ஒற்றை எழுத்து. இலக்கணத்தில் இதை மெய்யெழுத்து என்கிறார்கள். பெயர் வைத்தவர்கள் அன்று அந்தக் கட்டிலருகே நின்றிருக்க வேண்டும்.

"அந்த நேரத்துல அவளைச் சமாதானப்படுத்துற மாதிரிதாம்மா இருந்துச்சு" என்றார் என்னிடம். "நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நினைச்சேன்."

நாளைக்குக் கட்டுப் பிரித்தார்கள். அதற்கு மறுநாள் வலது கண் இனி இல்லை என்று டாக்டர் சொன்னார். அன்று சொல்ல முடியுமா? வீட்டுக்கு வந்த அன்று சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். பிறகு அவள் தானாகவே சிரிக்கத் தொடங்கினாள். சிரிக்கிற முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? அப்படியே பதினோரு வருடம்.*

* அக்கா அதன் பிறகு வில்லைத் தொடவே இல்லை. இடது கண்ணை வைத்து எய்யலாமே என்று நான் கேட்டதற்கு, "கண்ணு இல்லாததாலயா விட்டேன்? சொன்ன பேச்சைக் கேக்காத கையை எப்படி நம்புறது, தங்கச்சி?" என்றார். இப்போது முழுநேரமும் அம்புதான். தண்டைச் சூடு காட்டி நிமிர்த்தி, கண்ணுக்கு நேரே பிடித்துக் கோணல் பார்ப்பார். "ஒத்தைக் கண்ணை மூடித்தானே இதைப் பார்க்கணும்? எனக்கு மூடுற வேலை மிச்சம்." இந்த நகைச்சுவையைக் கேட்டு நான் சிரித்தேன். எல்லோரும் சிரிப்பார்களாம். இடது கண் பழகும்வரை இரண்டு வருடம், செய்த அம்புகளையெல்லாம் தானே பிரித்துப் போட்டார் என்பதைச் சொல்லும்போது மட்டும் சிரிக்கவில்லை.

5

இந்த இடத்தில் எனக்கு வில்காரர்மேல் சந்தேகம் வந்தது. என்னிடம் ஏன் சொன்னார்?

அக்கா என் கதைகளை விடாமல் படிப்பவர். பட்டறைக்குள் என்னை விட்டதே அதனால்தான். உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்துக்கொண்டு, வாரப் பத்திரிகையில் என் பெயரைத் தேடிப் படிப்பார். இது வில்காரருக்குத் தெரியாதா? தன் வாயால் சொல்ல வேண்டியதை என் கதையில் அச்சடித்துக் கொடுக்கச் சொல்கிறாரோ? என்னைத் தபால்காரியாக்கிவிட்டாரோ?

அந்தக் கோபத்தில் ஒரு பகுதி எழுதினேன். அதில் அவர் கல்நெஞ்சக்காரர். படித்துப் பார்த்தேன், அவர் அப்படிப்பட்ட ஆளில்லை. தினமும் காலையில், அக்கா வருவதற்கு முன்பே, இறகு கட்டுவதற்கான மூன்று ஊசிகளிலும் நூல் கோத்து மேஜையில் குத்தி வைத்துவிடுவார். ஒற்றைக் கண்ணால் ஊசிக் காது பிடிபடாது. அதையே பெரிதுபடுத்தி அவரைப் புனிதராக்கி இன்னொரு பகுதி எழுதினேன். அதுவும் பொய். ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவருக்கு ஒரு வாக்கியம் கோக்க வரவில்லை. அவ்வளவுதான் அந்த மனிதர். கடைசியில் இரண்டையும் கிழித்தேன்.

6

இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மதியம் போனேன். அவரிடம் தனியாகப் படித்துக் காட்டுவதாகத்தான் எண்ணம். கதவைத் திறந்தது அக்கா.

"எழுதிட்டீங்களா? எங்க கதைதானே? படிங்க, படிங்க" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டார். வில்காரர் உள்ளே ஒரு கட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

படித்தேன். ஆறு வருடக் கட்டை, ஒரே வளையம், ஒன்பது நாள். பத்தாம் நாள் காலை வந்ததும் என் கண் தானாக அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டது. விரிசல் இல்லை, பசை இல்லை, தோல்பட்டை இல்லை. வில் முறிந்தது என்று மட்டும் படித்துவிட்டு நிறுத்தினேன்.

அவருடைய 'ம்'முக்கு ஒரு எழுத்தாவது உண்டு. நான் அந்த ஒரு எழுத்துகூட இல்லாமல் அதே காரியத்தைச் செய்தேன்.

அக்கா தலையை ஆட்டினார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா என் தப்பைக் காணோமே?" என்றார்.

"எது அக்கா?"

"கோட்டைத் தாண்டி இழுத்தேனே, அது. எனக்காகப் பாவம் பார்த்து விட்டுட்டீங்களா? அதெல்லாம் வேணாம். எழுதுங்க. இல்லேன்னா படிக்கிறவங்க இவரு செஞ்ச வில்லுதான் சரியில்லேன்னு நினைச்சுப்பாங்க."

பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தார். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "அவள் ஒரு விரற்கடை அதிகமாக இழுத்துவிட்டாள்." என் கையெழுத்தில் அந்த வரி இன்னும் அந்தத் தாளில் இருக்கிறது.

அரம் நின்றது. இந்த முறை உடனே ஓடவில்லை. வில்காரர் எழுந்து, "டீ போடறேன்" என்றார்.

"அதிசயமா இருக்கே!" என்று அக்கா சிரித்தார். "சர்க்கரை எங்க இருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் அடுப்பங்கரைக்குள் போனார். பாத்திரச் சத்தம்கூடக் கேட்கவில்லை. நானும் டீக்குக் காத்திராமல் கிளம்பிவிட்டேன்.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்று: அக்காவுக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். உங்களுக்குப் பிடித்திருக்கும். வில்காரருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. ஆனால் அக்காவிடம் கேட்காமலே அவருடைய மன்னிப்பை நாம் எல்லோருமாகச் சேர்ந்து எடுத்துக்கொள்வதாக ஆகும். 'இவரு வில்லுதான் சரியில்லேன்னு நினைச்சுப்பாங்க' என்று சொன்ன முகத்தை நான் பார்த்தேன். அவருக்குத் தெரியாது.

இரண்டு: வில்காரர் சொல்லிவிடுகிறார். "இங்க பாரு, அன்னைக்கு அந்த வில்லுல" என்று

ஐந்து முறை முயன்றேன். ஒவ்வொரு முறையும் இங்கேயே நிற்கிறது.

மூன்றாவதில் அக்கா தெரியாமலே இறந்துபோகிறார். அடிபட்டவரைக் கொன்றுவிட்டால் கதை எழுதுகிறவருக்கு வேலை சுலபம். எழுதிய கையோடு வெட்கமாகிவிட்டது.

பிறகு, பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன், வில்காரருக்குப் போன் செய்தேன்.

"விரிசலையும் போட்டிருக்கேன் அண்ணே. 'ம்'மையும் போட்டிருக்கேன். யார் பேரும் போடலே."

"பேர் போடாட்டி அவளுக்குத் தெரியாதா?" என்றார்.

"நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். நான் நிறுத்தி வைக்கிறேன்."

சைக்கிள் கடையில் யாரோ மணியை அடித்துப் பார்ப்பது கேட்டது.

"பதினோரு வருஷமா தினமும் காலையில இன்னைக்குச் சொல்லிடணும்னுதாம்மா எந்திரிக்கிறேன்" என்றார். "போடுங்க. புத்தகம் வர்ற அன்னைக்கு நான் எங்கேயும் போகலே. வீட்டிலேயே இருக்கேன்."

8

வாசகர்களுக்கு என் கதை இங்கே முடிந்தது. இனி எழுதுவது ஒரே ஒருவருக்கு. நீங்களும் படிக்கலாம், அச்சில் வந்த பிறகு யாரைத் தடுக்க முடியும்?

அக்கா, கண்ணாடியை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு இவ்வளவு தூரம் வந்திருப்பீர்கள். அன்று நான் படிக்காமல் தாண்டிய பத்தியையும் இதற்குள் படித்திருப்பீர்கள். ஸ்டூலில் உட்கார்ந்து உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை அச்சுக்கு அனுப்பியதற்கு என்னை மன்னிப்பதும் மன்னிக்காததும் உங்கள் இஷ்டம். நீங்கள் சொல்லி நான் எழுதிய அந்த வரி தப்பு. நீங்கள் கோட்டைத் தாண்டவில்லை. உங்கள் கை அன்று சொன்ன பேச்சைக் கேட்டது.

இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. அவர் உள்ளேதான் இருக்கிறார். கூப்பிடுங்கள்.