கையில் அழுக்கில்லாத நாட்கள்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே உறுதியில்லை. தீர்ப்பு வந்தது திங்களா செவ்வாயா, அன்று மழை பெய்ததா, அந்த மழை வேறொரு நாளுக்குரியதா என்று கேட்டால் முழிப்பேன். கடையின் ஷட்டர் ஒரு தடவை பச்சையாகத் தோன்றுகிறது, மறு தடவை நீலமாக. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பிரிட்ஜ்காரர் சாப்பாட்டு மேசையில் சொன்னது மட்டும், பிறகு அவர் மகள் என்னிடம் சொன்னபடியே, எழுத்துப் பிசகாமல் இருக்கிறது.

பழுதான பிரிட்ஜுகளைச் சரிசெய்பவர் என்பதால் எங்கள் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். பேச்சு குறைவு. வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் கம்ப்ரஸர் மேல் காதை வைத்துக்கொண்டு, “பார்க்கலாம்” என்பார்.

“மாமாவுக்குள்ள யாரோ கேஸ் அடிச்சு விட்டுட்டாங்க. எந்நேரமும் கூலிங்தான்” என்று மச்சினன் கிண்டலடிப்பான். அவருடைய மனைவியின் தம்பி அவன். மாடியில் குடியிருந்தான்; சாப்பாடு அக்கா வீட்டில். கட்சிக்காரன். தலைவரைப் பற்றி யாராவது ஒரு சொல் சொன்னால் சட்டைக் கையை மடக்கிக்கொண்டு வருவான்.

அந்தத் தலைவர் மேல்தான் வழக்கு. அவர் அமைச்சராக இருந்த காலத்தில், விருந்தினர் மாளிகைக்குத் திரைச்சீலை அளவெடுக்க வந்த பெண்ணை அறைக்குள் வைத்துப் பாலியல் வன்முறை செய்தார் என்பது புகார். பல வருடம் கழித்து அவள் வாய் திறந்தபோது, பொய்க்காரி, காசுக்கு அலைகிறவள் என்று மேடைக்கு மேடை பேசினார். அந்த அவதூறையும் சேர்த்து அவள் வழக்குப் போட்டாள். நீதிபதியோடு ஜூரியும் உட்காரும் நீதிமன்றம் அது. ஊர்க்காரர்கள் சிலரைப் பொறுக்கியெடுத்து, பெயர் வெளியே தெரியாமலிருக்க ஆளுக்கொரு எண் கொடுத்தார்கள். அவள் சாட்சி சொன்னபோது செய்தியாளர்களைக்கூட உள்ளே விடவில்லை. வேறொரு அறையில் அவர்களுக்குக் குரல் மட்டும் கேட்டது.

ஏழாம் எண், பிரிட்ஜ்காரர்.

பாதுகாப்புக்காக வீட்டிலும் சொல்ல வேண்டாம் என்றிருந்தார் நீதிபதி. “ஓட்டல்ல பெரிய கோல்ட் ரூம் வேலை” என்று சொல்லிவிட்டு, தினமும் டூல் பையோடு கிளம்பிப் போனார். மச்சினனே பையைத் தூக்கி ஸ்கூட்டரில் வைத்து அனுப்புவான்.

தலைவர் செய்தது உண்மை, அவளைப் பொய்க்காரி என்றது அவதூறு, நஷ்டஈடு தர வேண்டும் என்று முடிவாயிற்று. ஜூரி விலைபோய்விட்டது என்று அன்று மாலையே தலைவர் பேட்டி கொடுத்தார்.

அதன் பிறகு ஊரில் வேறு பேச்சில்லை. பிரிட்ஜ்காரரின் கடை பெஞ்சிலும் அதேதான்.

“இத்தன வருஷம் வாய மூடிக்கிட்டு இருந்தவ இப்ப ஏன் திறக்கிறா?” என்றார் பக்கத்துக் கடை தையல்காரர்.

“நீங்க உங்க மாமனார்கிட்ட பட்டதப் பத்திச் சாகற வரைக்கும் வாய மூடிக்கிட்டுதானே இருக்கப் போறீங்க?” என்றாள் பழுதுபார்க்கக் கொடுத்த மிக்ஸியைத் திரும்ப வாங்க வந்த பெண்.

“தேதியே ஞாபகம் இல்லங்கறாளேம்மா.”

“உங்க கல்யாணத் தேதியச் சொல்லுங்க பாப்போம்.”

“அத மறக்கத்தானே தினமும் இங்க வந்து உக்கார்றேன்.”

சிரித்தார்கள். மச்சினன் சிரிக்கவில்லை. “அந்த ஜூரிக்காரன்ல ஒருத்தன், ஒரே ஒருத்தன் கையில கிடைக்கட்டும்” என்றான். பிரிட்ஜ்காரர் செம்புக் குழாயின் வளைவில் பற்றவைத்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது நன்றாகத்தான் பற்றியிருந்தது. ஆனாலும் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கல்லூரியில் படிக்கும் மகள்தான் நேராகக் கேட்டாள். “நீங்க சொல்லுங்கப்பா. அவங்க சொல்றத நம்புறீங்களா இல்லையா?”

“நமக்கு எதுக்கும்மா அதெல்லாம்.”

அவள் அவரையே பார்த்தாள். “மாமா கத்துறாரு. அதுகூடப் பரவால்ல. உங்கள நான் வேற மாதிரி நெனச்சேன்.”

அதோடு பேச்சு நின்றது. கேட்க வேண்டியதை அம்மா வழியாகக் கேட்டாள். அவர் கூடத்துக்குள் வந்தால் எழுந்து உள்ளே போனாள். உண்மையைச் சொன்னால் வீட்டுக்கு ஆபத்து. சொல்லாவிட்டால் மகளின் கண்ணில் அவரும் தலைவரின் ஆள். எந்தப் பக்கம் படுத்தாலும் குத்தியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நால்வரும் மேசையில் இருந்தார்கள். தொலைக்காட்சியில் பழைய விவாதத்தையே மறுபடி போட்டார்கள்.

“சாட்சி சொல்றப்ப சிரிச்சாளாம்க்கா” என்றான் மச்சினன், வாயில் சோற்றோடு. “நம்ம வக்கீலே டிவில சொல்றாரு. அப்படி ஒண்ணு நடந்தவ சிரிப்பாளா?”

மகள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பிரிட்ஜ்காரர் அவள் முதுகைப் பார்த்தார்.

“சிரிக்கல” என்றார்.

எல்லோரும் திரும்பினார்கள்.

“தண்ணி குடுத்தாங்க. குடிக்கல. டம்ளர ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா. சொல்லி முடிக்கிற வரைக்கும் கீழ வைக்கல. அப்புறம் அத எங்க வைக்கிறதுன்னு தெரியாம சுத்திச் சுத்திப் பாத்தா. எங்க பக்கமும் பாத்தா.”

சொன்ன பிறகுதான் அவருக்குத் தான் சொன்னது கேட்டது. சமையலறையில் பிரிட்ஜின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி முடித்து, ஒரு உதறலோடு நின்றது.

“குரல் மட்டும்தானே மாமா வெளிய கேட்டுச்சு” என்றான் மச்சினன் மெதுவாக. “டம்ளர் உங்களுக்கு எப்படித் தெரியும்?”

பிரிட்ஜ்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

“ஓட்டல் வேலையா?”

“மாப்ள…”

“பைய என் கையாலதானே தூக்கி வெச்சேன்.”

கைகூடக் கழுவாமல் மாடியேறிப் போனான்.

மனைவி தம்பியின் தட்டை எடுத்தாள். “கையில கிரீஸ் இல்லாம வந்தீங்க. கடைக்குப் போற நாள்ல தேஞ்சு போற சோப்பு அப்படியே இருந்துச்சு. எனக்கு அப்பவே தெரியும்.”

“ஏன் கேக்கல?”

“நீங்க சொல்லலையே.”

“தம்பி வெளிய சொல்லிடுவானா?”

“என் தம்பிங்க அவன்” என்றாள். குரலில் உறுதியில்லை.

மகள் திரும்பி வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்கப்பா” என்றாள். அவர் தலையாட்டினார். போட்டதில் பாதியைத் தட்டிலேயே விட்டார்.

மச்சினன் சொல்லிவிட்டான். மறுநாள் பகுதிச் செயலாளரிடம், ஒரே ஒருவரிடம், எங்க வீட்டுக்குள்ளேயே இப்படி ஆயிடுச்சே என்று அழுதுகொண்டே சொன்னான். அந்த வாரம் முடிவதற்குள் கடையை உடைத்தார்கள். பழுதுக்கு வந்திருந்த பிரிட்ஜுகளின் கதவுகள் தெருவில் கிடந்தன. ஷட்டரில் ஆளுயரத்துக்கு ‘விலைபோனவன்’ என்று எழுதியிருந்தது.

பிரிட்ஜ்காரர் போனபோது மச்சினன் தின்னரும் துணியுமாக ஷட்டரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். எழுத்து போகவில்லை, பரவியது.

“அவர்கிட்ட மட்டும்தான் மாமா சொன்னேன். சத்தியமா.”

பிரிட்ஜ்காரர் தெருவில் கிடந்த ஒரு கதவை எடுத்துச் சுவரில் சாய்த்தார். பெஞ்சில் வழக்கமாக உட்காருபவர்கள் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தார்கள். யாரும் தெருவைக் கடந்து வரவில்லை.

“போய்க் கையக் கழுவு மாப்ள” என்றார். அவனிடம் அவர் பேசிய கடைசிப் பேச்சு அது.

கடை பிறகு திறக்கவில்லை. எழுதியவர்கள் யாரென்று போலீஸ் கண்டுபிடிக்கவில்லை. தலைவர் மேல்முறையீடு செய்திருக்கிறார். அது நிலுவையில் இருக்கும்போதே தேர்தலில் நின்று ஜெயித்தார். அந்தப் பெண்ணுக்கு நஷ்டஈடு வரவில்லை. அவளும் தன் கடையை மூடிவிட்டு வீட்டிலிருந்தே திரைச்சீலை தைக்கிறாள். பிரிட்ஜ்காரர் வேறு ஊரில் ஒரு ஓட்டலின் கோல்ட் ரூமைப் பார்த்துக்கொள்கிறார். மகள் படித்து முடித்து அந்தப் புது ஊரிலேயே வேலைக்குப் போகிறாள். மச்சினன் மாடி வீட்டைக் காலி செய்துவிட்டான்; கட்சியை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குப் போன் செய்கிறான். அவள் பேசி முடிக்கும்வரை பிரிட்ஜ்காரர் வெளியே போய் நிற்கிறார்.