பலகையில் இல்லாத பெயர்

சாகுபுரத்தில் மகனின் புது வீட்டுக்கு வந்த லிங்கராஜ், கையகலச் சமையலறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். சுவர்ப் பலகையில் மருமகள் ஜெயபிரியா பளபளவென்று அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்களில் எல்லாம் அவள் அப்பா பெயர்தான் வெட்டியிருந்தது. பார்க்கிறவர்கள், மாப்பிள்ளை வீட்டார் ஒன்றுமே தரவில்லை என்றல்லவா நினைப்பார்கள்?

"ஏளா, நம்ம வீட்டுப் பாத்திரத்தை எங்கன ஒளிச்சு வச்சிருக்க?"

"அடுப்பைப் பாருங்க மாமா. எங்கப்பா தந்தது அழகுக்கு. நீங்க தந்ததுலதான் தினமும் சோறு பொங்குதேன்."

அவர் குனிந்து பார்த்தார். தினமும் விளக்கியதில் பானையில் அவர் பெயர் பாதிக்குமேல் அழிந்திருந்தது.

"பேரு தேஞ்சிட்டுன்னு கோவமா மாமா?"

"தேஞ்சா தேயட்டும்," என்று நிமிர்ந்தார். "சோத்தைப் போடு."