ஜின்செங் ஆருக்கு

ஞானசுந்தரம் வாய் கூசாமல் பொய் சொல்லுவது ஒரே ஒரு விசயத்துக்குத்தான்: வீட்டு நோய் வருத்தம். மனைவி தங்கேஸ்வரிக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்து எட்டு மாதம். தமிழர் கடைத்தெருவான லா சப்பலில் காக்கை குருவிக்குக்கூடத் தெரியாது. மகளுக்குச் சம்பந்தம் பேசும் தரகர் புண்ணியமூர்த்தியின் காதில் விழுந்தால் என்னாவது என்று பயம்.

அவர் சமையல் வேலை செய்யும் கொரிய உணவகத்தின் முதலாளி மதாம் பார்க், மூலிகை வைத்தியரின் மகள். உடம்புச் சோர்வுக்கு ஏதும் தரச் சொல்லி ஞானசுந்தரம் கேட்டபோது, "யாருக்கு?" என்றார் மதாம்.

"எனக்குத்தான்."

மதாம் அவருக்கு நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், குளிர்ந்த உடம்பு என்றார். சீவிய ஜின்செங் வேர் ஒரு போத்தல் தந்தார். அதை மூன்று கிழமையாகத் தினமும் காலையில் காய்ச்சித் தங்கேஸ்வரிக்குக் கொடுத்துவந்தார் இந்தக் கெட்டிக்காரர்.

இன்று காலை அவளுடைய இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. இரத்தம் கட்டிபடாமலிருக்க அவள் விழுங்கும் குளிசை சரியாக வேலை செய்யவில்லை. கட்டிபட்டால் வால்வு அடைத்துவிடும். "குளிசையை ஒளிச்சு எறியிறீர் என்ன?" என்று கத்திவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தார்.

மத்தியான இடைவேளையில் இன்னொரு போத்தல் கேட்டார். மதாம் அவர் கையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னும் சில்லிட்டுத்தான் இருக்கிறது. நீங்கள் குடிக்கவில்லை."

உண்மையைச் சொல்லி, போனிலிருந்த மருந்துச் சீட்டைக் காட்டினார். மதாமின் முகம் மாறியது.

"இந்தக் குளிசை எடுப்பவருக்கு ஜின்செங் கூடாது. குளிசையின் வேலையைக் குறைத்துவிடும். வைத்தியரைக் கூப்பிடுங்கள்."

வைத்தியர் உடனே கூட்டிவரச் சொன்னார். தங்கேஸ்வரியோ கோபத்தில் போனை எடுக்கவில்லை. மெத்ரோவில் ஆசனங்கள் காலியாகக் கிடந்தும் ஞானசுந்தரத்தால் இருக்க முடியவில்லை. கதவடிக்கும் கம்பிக்குமாக நடந்தார். ஒரு நிறுத்தத்தில் வண்டி அரை நிமிடம் தாமதிக்க, ஓட்டுநரின் பரம்பரையையே வாய்க்குள் திட்டினார். லூயி-பிளாங்கில் இறங்கி ஓடினார்.

தங்கேஸ்வரி குசினியில் கோப்பையோடு நின்றாள். காலையில் வாங்கிய ஏச்சில், உடம்பு கெதியாய்த் தேறட்டுமென்று மிச்ச வேரைத் தானே இன்னொரு தரம் காய்ச்சியிருந்தாள். அவர் பறித்துத் தொட்டியில் ஊற்றினார்.

"குளிசை ஒருநாளும் விடேல்லை எண்டு சொன்னனான்தானே."

"ஓம். நான் தந்த வேர்தான் குளிசையைக் கெடுத்தது. பிழை என்னிலை. வெளிக்கிடும், டொக்டரிட்டைப் போவம்."

"சரியான கைப்பு," என்றாள் சப்பாத்தைத் தேடியபடி. "ஆனா இருபத்தாறு வருசத்திலை நீங்கள் போட்டுத் தந்த முதல் தேத்தண்ணி. எப்பிடி வேண்டாமெண்டுறது?"

அவருக்கு அழுகை வந்தது. குனிந்து அவளுடைய சப்பாத்துக் கயிற்றைக் கட்டிவிட்டார்.

வைத்தியரிடம் காத்திருந்தவர்கள் எல்லாம் தெரிந்த முகங்கள். முதல் கதிரையிலேயே புண்ணியமூர்த்தி.

"என்ன ஞானம் அண்ணை, ஆருக்கு வருத்தம்?"

'எனக்குத்தான்' நாக்கு நுனிவரை வந்தது.

"என்ர மனிசிக்கு," என்றார், கூடம் முழுக்கக் கேட்கும்படி. "நெஞ்சிலை வால்வு வைச்சிருக்கு. முதல் அவ போகட்டும், வழி விடுங்கோ."