சர்க்கரை இறங்கும் நேரம்

டவுன் பஸ் ஓட்டியவர் அவர். ஹாரனைப் போலத்தான் பேச்சும். அவசியம் வந்தால்தான் அடிப்பார். கல்யாணமாகி இருபது வருஷமாக மனைவிக்கு அவர் வைத்திருந்த பெயர் "இந்தா".

அப்படிப்பட்டவர் ஒரு விடியற்காலையில் உடம்பெல்லாம் வேர்த்து, கண் செருகி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு குழறினார்: "ராசாத்தி, நீ இல்லேன்னா நான் நடுரோட்டுல நின்ன வண்டிடி."

அவள் பதறிப்போய்க் காபியைப் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "என்ன முறைக்கிறே? சட்டை எங்கே?" என்றார். கேட்டால் எதுவும் ஞாபகமில்லையாம்.

வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இது நடந்தது. வந்து பார்த்த நாத்தனார், "அண்ணன் ஊத்திக்கிறார் அண்ணி, மறைக்காதீங்க" என்றாள்.

"குடிச்சவங்க இவ்வளவு அழகாப் பேசி நீ பார்த்திருக்கியா?"

"எங்க வீட்ல குடிக்காமயே அசிங்கமாத்தான் பேசுறாரு. எனக்கென்ன தெரியும்?"

ஒருநாள் பாலத்தின் நடுவில் பஸ்ஸை நிறுத்திவிட்டு, பயணிகள் கத்தக் கத்தப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார். டிப்போவில் ஸ்டியரிங்கைத் தொடக்கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் படுக்கவைத்து, சர்க்கரை எவ்வளவு இறங்குகிறது என்று தெரிந்துகொள்ளச் சாப்பாடு கொடுக்காமல் அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியபோது, டாக்டரும் நர்ஸும் நிற்கும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"ராசாத்தி, கால் வலிக்கும்டி. உட்காரு."

நர்ஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். டாக்டர் கேட்டார், "எப்பவுமே இப்படித்தான் பேசுவாரா?"

"இல்லீங்க. சர்க்கரை இறங்கினாத்தான்."

கணையத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு கட்டி. தேவையிருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைக் கொட்டிச் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கிறதாம். ஆபரேஷன் செய்கிற டாக்டர் படம் போட்டு விளக்கினார். கணையம் தொட்டாலே கோபித்துக்கொள்ளும் உறுப்பு, கட்டியை மட்டும் பதமாகத் தோண்டி எடுத்துவிட்டால் போதும், மறுபடி பஸ் ஓட்டலாம் என்றார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டியவள் கடைசியில் கேட்டாள்: "எடுத்துட்டா, அவர் பேச்சு மாறிடுங்களா?"

"உளறல் சுத்தமா நின்னுடும்மா. கவலைப்படாதீங்க."

அவள் கவலையே அதுதான் என்று எப்படிச் சொல்வது?

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டி வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே சர்க்கரை மளமளவென்று ஏறிவிட்டதாம். கட்டியைச் சின்ன பாட்டிலில் கொண்டுவந்து காட்டினார்கள். இளஞ்சிவப்பாக, ஒன்றும் தெரியாத அப்பாவி போலக் கிடந்தது. 'இத்தனை நாளா என்கிட்ட பேசினது நீதானா?' என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டாள்.

வயிற்றில் வைத்த குழாயை எடுத்து, புண் ஆறி, அவர் பழையபடி வேலைக்குப் போனார். "இந்தா, தண்ணி." "இந்தா, சாவி." மனுஷன் பிழைத்து வந்ததே பெரிசு, இன்னும் என்ன வேண்டிக்கிடக்கு என்று தன்னையே அதட்டிக்கொள்வாள். ஆனாலும் விடியற்காலையில் முழிப்பு வந்துவிடும். காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பாள். குறட்டை மட்டும்தான் கேட்கும்.

ஒரு லீவு நாள் காலையில் அவர் கண்ணைத் திறக்காமல் சொன்னார்: "இந்தா... சர்க்கரை இறங்குது போல."

வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்து, விரலில் குத்தி மீட்டரில் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு. நெற்றியில் ஒரு சொட்டு வேர்வை இல்லை. ஒரு கண் மட்டும் லேசாகத் திறந்து அவளைப் பார்த்தது.

"எவ்வளவு?"

மீட்டரைக் கவிழ்த்து வைத்தாள். "ரொம்பக் கம்மிங்க."

"அதானே." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். தொண்டையைச் செருமிவிட்டு, நடிக்கத் தெரியாதவன் குடிகாரன் வேஷம் போட்டதுபோல வார்த்தையை இழுத்து இழுத்துக் குழறினார். "ராசாத்தி... நீ இல்லேன்னா... நான் நடுரோட்டுல நின்ன வண்டிடி." காது சிவந்திருந்தது.

அப்படியானால் எல்லாமே ஞாபகம் இருந்திருக்கிறது.

அவள் சமையலறைக்குப் போய் டம்ளரில் வெறும் தண்ணீரைப் பிடித்து, ஸ்பூனைப் போட்டுக் கடகடவென்று கலக்கிக் கொண்டுவந்தாள். ஒரே மூச்சில் குடித்தார்.

"இனிப்பு கொஞ்சம் தூக்கல்," என்றார்.

அதற்குப் பிறகு அவர் போய்ச் சேருகிறவரைக்கும், அவ்வப்போது அவருக்குச் சர்க்கரை இறங்கிக்கொண்டுதான் இருந்தது. மீட்டரை மட்டும் அவள் அவரிடம் காட்டியதேயில்லை.