முப்பத்தொன்றுக்குக் கீழே

கணக்குக்காரி என்று அவளுக்குப் பேர் வைத்ததே அக்காதான். அந்த அக்கா இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவின் நான்காம் படுக்கையில், தலை நிறையக் கம்பிகளோடு, பதினெட்டு நாளாகக் கண் திறக்காமல் கிடந்தாள்.

மூளையின் மின்னலைகளை எண்ணாக்கி, உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்று சொல்லும் சூத்திரம் கணக்குக்காரி எழுதியது. நூற்றுக்கு முப்பத்தொன்றும் அதற்கு மேலும் வந்தால் நினைவு இருக்கிறது. கீழே போனால் இல்லை, சுவாச இயந்திரத்தை நிறுத்தலாம். ஆஸ்பத்திரிகள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டன.

அக்காவுக்கு வந்தது இருபத்தெட்டு.

"மூணு தடவை பார்த்துட்டோம், மேடம்," என்றார் டாக்டர். "அஞ்சு மணிக்கு நிறுத்திடலாம்னு உங்க அத்தான் கையெழுத்துப் போட்டுட்டார்."

"நீ போட்ட கணக்காச்சேம்மா," என்றார் அத்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "தப்பவே தப்பாதுன்னு உங்க அக்கா பார்க்கிறவங்ககிட்டெல்லாம் பீத்திக்குவா. அதான் கண்ணை மூடிட்டுப் போட்டேன்."

தப்பாதாம்! ஆராய்ச்சியில் மொத்தம் நாற்பத்தொரு நோயாளிகள். கட்டுரையில் நாற்பது பேர்தான். விட்டுப்போன ஒருத்தி ஒரு தையல்காரி. இருபத்தாறு வாங்கியவள், ஒரு மாதம் கழித்துக் கண் விழித்து, படுக்கையருகே யார் யார் என்ன பேசினார்கள் என்று புட்டுப்புட்டு வைத்தாள். அவளைச் சேர்த்தால் முப்பத்தொன்று என்ற கோட்டை எங்கே போடுவது? 'கருவிக் கோளாறு' என்று ஒரு வரி எழுதி அவளைத் தூக்கிவிட்டாள் கணக்குக்காரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று. ஒன்பது வருஷம் அது மறைந்தும் இருந்தது.

அக்காவின் கையைப் பிடித்தாள். "அக்கா, நான்தான்." கட்டைவிரல் லேசாக அசைந்தது. மறுபடி கூப்பிட்டாள். மறுபடி அசைந்தது.

"நிறுத்தாதீங்க!" என்று கத்தினாள். தையல்காரியைப் பற்றி அவள் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தபோது டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. அவர் நர்ஸைக் கூப்பிட்டு, அஞ்சு மணி ஏற்பாட்டை ரத்துப் பண்ணச் சொன்னார். அத்தான் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து ஓவென்று அழுதார்.

அப்பாடா என்று மூச்சு விட்டவளின் கண் பக்கத்துப் படுக்கையில் விழுந்தது. காலி. துப்புரவுப் பணியாளர் மெத்தையை மருந்துத் தண்ணீரால் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இங்க இருந்த லாரி டிரைவர்?"

"காலையில நிறுத்திட்டோம்," என்றார் டாக்டர், அவளைப் பார்க்காமல். "அவருக்கு வந்தது இருபத்தொன்பது."

முந்தாநாள் அவனுடைய அம்மா இவள் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். "கூப்பிட்டா விரலை அசைக்கிறான்மா. நீங்க படிச்சவங்க, வந்து பாருங்க." பார்க்கக்கூட இல்லை இவள். "அது வெறும் தசைத் துடிப்பும்மா, மனசைத் தேத்திக்குங்க" என்று இதமாகச் சொல்லி அனுப்பினாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

வெளியே, நடைபாதை பெஞ்சில், மகனின் செருப்பும் சீப்பும் இருந்த பையை மடியில் வைத்துக்கொண்டு அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். இவளைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"நீங்க எடுத்துச் சொன்னதாலதான் கையெழுத்துப் போட மனசு வந்துச்சும்மா. இல்லேன்னா பிள்ளையை இன்னும் இம்சை பண்ணிட்டே இருந்திருப்பேன். நீங்க நல்லா இருக்கணும்."

கணக்குக்காரி அந்தப் பையில் தெரிந்த சீப்பையே பார்த்தாள்.

"உங்க அக்காவுக்கு எவ்வளவும்மா வந்துச்சு?"

"இன்னும் பார்க்கலைம்மா," என்றாள்.